கடைசியாரும் இரண்டு டிக்கும்

படத்துக்குச் சட்டம் போடும் அந்தக் கடையை நடுவில் தொங்கும் ஒரு திரைச்சீலை இரண்டாகப் பிரிக்கிறது. திரைக்கு முன்னால் கல்லாவும் மாதிரிச் சட்டங்கள் தொங்கும் சுவரும் வீட்டம்மாவின் ராஜ்ஜியம். திரைக்குப் பின்னால் மரம் அறுக்கும் மேஜை, கண்ணாடி வெட்டும் பலகை, மூலைகளைச் சேர்த்துப் பிடிக்கும் இடுக்கிகள், புருவம்வரை படிகிற மரத்தூள், இவற்றுக்கு நடுவில் நம் ஆள். வருகிறவர்களிடம் பேசுவது, பேரத்தில் பிடிகொடுக்காமல் நிற்பது, 'நாளைக்குக் கட்டாயம்' என்று சிரித்த முகத்தோடு மேலும் நாலு நாள் இழுப்பது எல்லாம் வீட்டம்மாவின் பொறுப்பு. உள்ளே இருப்பவர் வாயைத் திறக்கவே மாட்டார். பக்கத்து மருந்துக் கடைக்காரர் அவருக்குக் காது கேட்காது என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டு, பார்க்கும்போதெல்லாம் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார். நம்மவரும் அவர் மனம் நோக வேண்டாமே என்று பதிலுக்குக் கையை ஆட்டிவைப்பார்.

காது நன்றாகவே கேட்கும். திக்குவாய், அவ்வளவுதான். எல்லா எழுத்தும் தகராறு செய்யாது. 'ப'வும் 'க'வும்தான் பரம விரோதிகள். அவற்றைத் தவிர்ப்பதற்காகவே அவர் தலைக்குள் ஒரு மாற்றுச் சொல் கிடங்கு வைத்திருந்தார். பால் தீர்ந்துவிட்டால் 'டீக்கு ஊத்தறது இல்ல' என்பார். காபி என்றால் அவருக்கு உயிர். ஆனாலும் வெளியே போனால் டீயைத்தான் வாங்கி, மருந்து குடிப்பதுபோல் குடித்துவிட்டு வருவார்.

திக்குவதுகூட அவருக்குப் பெரிய துன்பமாக இருந்ததில்லை. எதிரில் நிற்பவர்கள் செய்யும் உதவிதான் தாங்க முடியாதது. அவர் 'ப...' என்று தொடங்கினால் போதும், 'பணமா? பையா? பஸ்ஸா?' என்று ஏலம் தொடங்கிவிடும். மூச்சைப் பிடித்துப் போராடிக்கொண்டிருக்கும் மனிதர், அலுத்துப்போய் ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டிவிடுவார். பஸ் எப்போது வரும் என்று கேட்கப் போய்ப் பையோடு வீடு திரும்பிய நாளும் உண்டு. வீட்டம்மா ஒருத்திதான் அவர் முடிக்கும்வரை பேசாமல் இருப்பவள். பெண் பார்க்கப் போன அன்றைக்கே அவர் சரியென்று தலையாட்டியதற்கு அதுதான் காரணம். அதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை, சொல்லி முடிக்க நேரமாகும் என்பதால்.

ஒருநாள் வீட்டம்மா பேங்குக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஒரு பல் டாக்டர் கடைக்கு வந்தார். வேறு வழியில்லாமல் நம்மவர் திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். டாக்டர் கையில் ஒரு பெரிய புகைப்படம் இருந்தது. மணல் மேட்டின் முகட்டில் ஏழெட்டு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் நீளமான கம்பியில் சிவப்புக் கொடி. பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மணலைத் தவிர எதுவும் இல்லை.

“எங்க கிளப்புங்க. வார லீவு விட்டா கிளம்பிடுவோம், ஊரே இல்லாத பக்கமாப் பாத்து. இதுக்கு என்ன சட்டம் போட்டா நல்லா இருக்கும்?” என்று கேட்டார் டாக்டர்.

'கறுப்பு' என்று சொல்ல வேண்டும். விரோதி வாசலிலேயே நின்றுகொண்டான். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. ஏலம் தொடங்கப் போகிறது என்று நம்மவர் மனசுக்குள் தயாராகிவிட்டார். ஆனால் டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் தொங்கிய சட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நின்றார். 'கறுப்பு' ஒருவழியாக வெளியே வந்ததும், “அதுதான் சரி, கறுப்பே போடுங்க” என்றார்.

ஒரு மனுஷன் இப்படிக்கூட இருப்பானா என்று நம்மவர் பார்த்த பார்வை டாக்டருக்குப் புரிந்துவிட்டது. “என் தொழில் அப்படிங்க. வாயில கருவியெல்லாம் வெச்சுட்டு, எங்க வலிக்குதுன்னு கேக்கறவன் நான். பதில் எப்ப வந்தாலும் எனக்கு அவசரமில்ல” என்றார். பிறகு வாசலில் நின்ற பழைய பிக்கப் வண்டியைப் பார்த்து, “அது உங்களுதா? நாலு சக்கரமும் இழுக்கற ஃபோர் வீலா? அப்புறம் என்ன, மரம் தூக்கறதுக்கு மட்டுமா வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

அடுத்த வார இறுதியில் நம்மவர் அந்த வண்டியோடு மணலில் இருந்தார். வீட்டம்மாதான் தள்ளிவிட்டாள் என்று சொல்ல வேண்டும். “போய்ட்டு வாங்க. அந்தத் திரைக்குப் பின்னாடியே உக்காந்து உக்காந்து நீங்களும் ஒரு படம் மாதிரி ஆயிட்டீங்க” என்று சொல்லித் தண்ணீர் கேனையும் அவளே தூக்கி வைத்தாள்.

முதல் பயணத்தில் அவர் வண்டி மாட்டிக்கொண்ட இடங்களை எண்ணினால் மானம் போய்விடும். டயரில் காற்றைப் பாதிக்குமேல் இறக்கிவிட்டால்தான் சக்கரம் மணலில் அகலமாகப் பரவிப் புதையாமல் ஓடும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். மேட்டில் ஏறினால் நேராக ஏற வேண்டும், இறங்கினால் நேராக இறங்க வேண்டும், சாய்வில் குறுக்கே போனால் வண்டி உருளும் என்பதும் அன்றைக்குக் கற்றதுதான். மாட்டும்போதெல்லாம் யாராவது மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். ஒருவர்கூட முகத்தைச் சுளிக்கவில்லை. வீடு திரும்பிய மனிதர் காதிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டே, வருஷக்கணக்கில் சிரிக்காத சிரிப்பைச் சிரித்தார்.

அந்தக் கிளப்பில் முன்னால் போவது டாக்டர் வண்டி. கடைசி வண்டி என்பது தனிப் பதவி. யாராவது வழிமாறினால், மாட்டினால், எதையாவது தவறவிட்டால் பொறுக்கிக்கொண்டு வருவது கடைசி வண்டிதான். தனக்குப் பின்னால் யாருமில்லாத அந்த இடம் நம்மவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நிதானமானவர், எதையும் பார்க்காமல் தாண்ட மாட்டார் என்று எல்லாருக்கும் அவரையும் அங்கே பிடித்துப்போயிற்று. ஒரே ஒரு சிக்கல். ஒவ்வொரு திருப்பத்திலும் டாக்டர், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவில் 'கடைசி?' என்று கேட்பார். கடைசி வண்டி 'வந்தாச்சு' என்று சொன்னால்தான் முன்வண்டி நகரும். பேசுவதையே வேலையாக வைத்திருக்கும் பதவி.

டாக்டர் அதற்கு ஒரு வழி சொன்னார். “நீங்க பேச வேண்டாம். மைக் பொத்தானை ரெண்டு தடவை அமுக்கி விடுங்க. எங்களுக்கு டிக் டிக்னு கேக்கும். ரெண்டு டிக் வந்தா எல்லாரும் வந்தாச்சுன்னு அர்த்தம்.” அத்தோடு பேச்சு முடிந்தது. ஏன், எதற்கு, பாவம் என்று யாரும் ஆரம்பிக்கவில்லை. மணலில் எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று பார்த்து வண்டியைத் திருப்புகிற மாதிரி, இதையும் ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவர் பெயர் கடைசியார். நன்றி என்றால் அவருக்கு நெஞ்சு நிறைய நன்றி. அதைச் சொல்லத்தான் அப்புறம் ஓடிய வருஷங்களில் ஒருநாளும் வாய் வரவில்லை.

அவருக்கு முன்னால் வழக்கமாகப் போவது பேக்கரிக்காரர் வண்டி. வாயைத் திறந்தால் மூட மாட்டார். ரேடியோ அவசரத்துக்குத்தான் என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். பேக்கரிக்காரருக்குத் தன் மச்சினன் பழைய கார் வாங்கி ஏமாந்த கதையே அவசரம்தான். கடைசியாரை அவர் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். 'அண்ணே கேக்கறீங்களா?' என்று நடுநடுவே கேட்பார். ஒரு டிக் வரும். கதை தொடரும். உலகத்திலேயே தன் கதையைக் குறுக்கே பேசாமல் கேட்கும் ஒரே மனிதர் கடைசியார்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கும் மச்சினன் கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு கையில் மைக், இன்னொரு முழங்கை ஜன்னலுக்கு வெளியே, பேக்கரிக்காரர் ஒரு செங்குத்தான மேட்டில் இறங்கினார். மச்சினன் பிரேக் பிடிக்காத வண்டியைச் சந்தைக்கு ஓட்டிப்போன கட்டத்தில், இவர் வண்டி நேராக இறங்காமல் சாய்ந்து குறுக்கே போனது. பின்னால் முகட்டில் வந்து நின்ற கடைசியார் கண்முன்னாலேயே அது மெதுவாக, தூக்கத்தில் புரண்டு படுப்பவர் மாதிரி, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. கதை பாதியில் நின்றது.

கடைசியார் மணலில் விழுந்து எழுந்து சறுக்கிக்கொண்டு ஓடினார். பேக்கரிக்காரருக்கு நினைவு இருந்தது. ஆனால் வெளியே வைத்திருந்த கை, கதவுக்கும் மணலுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. மணல் சிவந்துகொண்டிருந்தது. அதைவிட மோசம், அவர் பேசாமல் கிடந்தார். கடைசியார் தோளிலிருந்த துண்டை எடுத்து முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினார். மணலைத் தோண்டினால் வண்டி இன்னும் சரிந்து கையின் மேலேயே உட்காரும். மேலே ஓடினார். தன் வண்டியின் இழுவைக் கம்பியை இறக்கிக் கொண்டுவந்து, விழுந்த வண்டியில் மாட்டி விறைப்பாக்கினார். இனி அது சரியாது. ஆனால் நிமிர்த்த வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி தாங்க வேண்டும். அவர் வண்டியோ இப்போது அந்த வண்டியோடு கட்டுண்டு கிடந்தது. அதை ஓட்டிக்கொண்டு போய் யாரையும் கூப்பிட வழியில்லை.

மற்ற வண்டிகள் அதற்குள் அடுத்த மேட்டைத் தாண்டியிருந்தன. போன் அங்கே வேலை செய்யாது. ரேடியோதான் ஒரே வழி. அதுவும் ஒரு மேடு தாண்டினால் கரகரக்கும், மூன்று மேடு தாண்டினால் ஒன்றும் கேட்காது.

மூச்சிரைக்க முகட்டுக்கு ஏறி அவர் மைக்கை எடுத்த அதே நேரம் டாக்டர் குரல் வந்தது. “திருப்பம் வந்தாச்சு. கடைசி?”

கடைசியார் பொத்தானை அழுத்தினார். 'பேக்கரி' என்று தொடங்க நினைத்தார். உதடு ஒட்டிக்கொண்டது. ஒரு சத்தமும் வரவில்லை. மூச்சு முட்டிப் பொத்தானை விட்டார். மறுபடி அழுத்தினார். மறுபடி உதடு ஒட்டியது. மறுபடி விட்டார்.

“நன்றி கடைசியார். எல்லாரும் கிளம்பலாம்” என்றது ரேடியோ.

தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிய அவருக்கு ஒரு நொடி பிடித்தது. இரண்டு தடவை அழுத்தி, இரண்டு தடவை விட்டிருக்கிறார். அங்கே டிக் டிக் என்று கேட்டிருக்கிறது. எல்லாரும் நலம், போகலாம் என்று அவரே அனுப்பிவைத்துவிட்டார். தூரத்து மேட்டில் தெரிந்த சிவப்புக் கொடிகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் இறங்கி மறைந்தன. கீழிருந்து பேக்கரிக்காரர், “அண்ணே...” என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

கடைசியார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பொத்தானை அழுத்தினார். இந்தத் தடவை உயிரே போனாலும் விடுவதில்லை என்று கட்டைவிரலை அதன்மேல் பூட்டிவிட்டார்.

“ந... ந... ந...” என்று தொடங்கியது. பதற்றத்தில் நல்ல எழுத்தும் விரோதியாகிவிட்டது. அவ்வளவு நேரம் ஒரே எழுத்தில் அவர் வாழ்க்கையில் நின்றதில்லை. பிறகு 'நில்லுங்க' வந்தது. அடுத்து 'ப'. 'முன்னாடி வண்டி' என்று மாற்றிச் சொல்லியிருக்கலாம். கிடங்கில் எத்தனையோ சொல் இருந்தது. ஆனால் யாருக்கு என்ன ஆயிற்று என்று கொஞ்சமும் குழப்பம் இருக்கக் கூடாது என்று அவர் அந்தப் பாழாய்ப்போன 'ப'வோடேயே மல்லுக்கு நின்றார். அது வந்தது. வண்டி கவிழ்ந்தது வந்தது. 'கை' வருவதற்குள் வியர்வை தாடையிலிருந்து சொட்டியது, அதுவும் வந்தது. ரத்தம் போகிறது, இரண்டு மேட்டுக்குப் பின்னால் இருக்கிறோம், இன்னொரு வண்டி வேண்டும், எதிர்ப்பக்கமாக வர வேண்டும். ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அந்த ரேடியோவில் ஒருவர் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை, மற்றவர் பேசுவது அவர் காதில் விழாது. யாரும் சொல் எடுத்துக்கொடுக்க முடியாது. பையா பஸ்ஸா என்று ஏலம் விட முடியாது. கட்டிய மனைவி தவிர வேறு யார் காதுக்கும், தொடங்கிய பேச்சை இப்படி முழுசாக அவர் கொண்டுசேர்த்ததில்லை. ஆனால் அந்தப் பக்கம் காது இருக்கிறதா, இல்லை மூன்றாவது மேட்டைத் தாண்டிப் போய்விட்டதா என்பது அவருக்குத் தெரியாது. காலி மணலைப் பார்த்துப் பேசுகிறோமோ என்ற பயத்தோடேதான் கடைசிச் சொல்வரை பேசினார்.

முடித்துவிட்டுப் பொத்தானை விட்டார். கண்ணைத் திறந்தார்.

டாக்டர் வண்டி எதிர் மேட்டில் பாதி இறங்கியிருந்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு கொடிகள் முகட்டில் ஏறிக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் கை வேலை. அதில் கடைசியார் யாருக்கும் சளைத்தவர் இல்லை. டாக்டர் வண்டி எதிர்ப்பக்கம் தாங்க, கடைசியாரின் வண்டி மேலிருந்து இழுக்க, அங்குலம் அங்குலமாக வண்டி நிமிர்ந்தது. இரண்டு பேர் பேக்கரிக்காரரை வெளியே எடுத்தார்கள். டாக்டர் கட்டுப் போட்டுக்கொண்டே, “பல்லுல ஏதும் அடியில்லியே? எனக்கு அதுதான் நல்லாத் தெரியும்” என்றார். பேக்கரிக்காரர் சிரித்ததும்தான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

மறுநாள் மாலை ஆஸ்பத்திரி அறையில் கூட்டம். பேக்கரிக்காரரின் கை தோள்வரை கட்டுக்குள் இருந்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தாலும் கை பிழைத்துவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் சொல்ல முடியாது என்று எலும்பு டாக்டர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கடைசியார் வீட்டம்மாவோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை. அந்த இரண்டு டிக் அவர் தலைக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தது.

பல் டாக்டர் அவர் தோளைத் தொட்டார். “தப்பு என்னோடது, கடைசியார். ரெண்டு டிக்குக்கு அர்த்தம் வெச்சவன், டிக் வராட்டி என்ன, வேற மாதிரி வந்தா என்னன்னு யோசிக்கல. அதைவிட, பேக்கரிக்காரர் ரேடியோ அவ்வளவு நேரம் சும்மா இருந்தப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். நாங்க எல்லாரும் நிம்மதின்னு நெனச்சு ஓட்டிட்டு இருந்தோம்.”

“பாத்தீங்களா, என் பேச்சோட அருமை இப்பதான் தெரியுது” என்றார் படுத்திருந்தவர்.

கடைசியாருக்கு ஒரு கேள்வி இருந்தது. நேற்றிலிருந்து அது அவரை விடவில்லை. அவ்வளவு தூரம் போனவர்கள், அவர் சொல்லி முடித்த நொடியில் எப்படி எதிர் மேட்டில் இருந்தார்கள்? “எ... எப்ப தி... திருப்பினீங்க?” என்று கேட்டார்.

“எப்பவா?” டாக்டர் இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். “நீங்க 'ந'ன்னு ஆரம்பிச்சப்பவே. இத்தனை வருஷத்துல நீங்க ரேடியோவுல ஒரு வார்த்தை பேசினது இல்ல. உங்க குரல் வந்தா ஏதோ ஆயிடுச்சுன்னு தெரியாதா? நான் ஸ்டியரிங்கை ஒடிக்கிறதுக்குள்ள பின்னாடி இருந்தவங்களும் திருப்பிட்டாங்க. வழி நெடுக நீங்க சொன்னதைக் கேட்டுட்டேதான் வந்தோம். எதிர்ப்பக்கமா வரணும்னு நீங்க சொன்னதாலதான் அந்தப் பக்கமா இறங்கினேன்.”

கடைசியார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தான் முடிக்கும்வரை யாரும் பொறுப்பதில்லை என்பதுதான் அவருடைய வாழ்நாள் குறை. இவர்களோ அவர் முடிக்கும்வரை பொறுக்காமல், முதல் எழுத்துக்கே வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார்கள். அதே சமயம் ஒரு சொல்லும் விடாமல் கேட்டும் இருக்கிறார்கள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் அவர் முயலவில்லை. வீட்டம்மா அவர் முழங்கையைத் தொட்டாள்.

இத்தனை வருஷமாக நெஞ்சிலேயே வைத்திருந்ததை அவர் அப்போதுதான் சொல்லத் தொடங்கினார். கடைக்கு வந்து கறுப்புச் சட்டத்துக்காகக் காத்திருந்ததிலிருந்து, மண்வெட்டியோடு வந்து நின்றவர்களிலிருந்து, டிக் டிக்கிலிருந்து, நேற்றைய மேடுவரைக்கும். எல்லாருக்கும் சேர்த்து, பேர் பேராக, ஒரு நன்றி. 'ப' வந்த இடத்தில் நின்றது. 'க' வந்த இடத்தில் இன்னும் அதிக நேரம் நின்றது. மாற்றுச் சொல் ஒன்றைக்கூட அவர் எடுக்கவில்லை. வெளியே சாப்பாட்டு வண்டி உருண்டு போய், திரும்பியும் வந்துவிட்டது.

அவர் சொல்லி முடிக்கும்வரை அந்த அறையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பேக்கரிக்காரர்கூட.